ஆகாயத்தில் ஒரு ஜன்னல்

திருச்சி மன்னார்புரத்தில் என் சித்தியின் வீடு இருக்கிறது. சித்தப்பா பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ரிட்டயரான பணத்தில் கட்டியது. கீழே இரண்டு ரூம், மேலே மொட்டை மாடி. சித்தப்பா போய் வருஷமாகிவிட்டது. இப்போது அந்த மொட்டை மாடிதான் சித்திக்கு எல்லாம். துணி உலர்த்துவது, தலை காய வைப்பது, பக்கத்து வீட்டுக்காரியோடு வம்பு பேசுவது எல்லாம் அங்கேதான்.

ஒரு பங்குனி மாதக் காலை. மணி எட்டு இருக்கும். சித்தி நைட்டியில், தலையில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, பழைய வேட்டியை விரித்துக் கூழ் வத்தல் ஊற்றிக்கொண்டிருந்தாள். தலைக்கு மேலே தேனீக் கூட்டம் போல் ஒரு ரீங்காரம். நிமிர்ந்து பார்த்தால், நாலு கை முளைத்த ஒரு சமாசாரம் தென்னை மர உயரத்தில் அந்தரத்தில் நிற்கிறது. நடுவே ஒரு கண். சித்தி அதைப் பார்த்தாள். அதுவும் சித்தியைப் பார்த்தது.

காக்காயை விரட்டுகிற மாதிரி கரண்டியை வீசி விரட்டிப் பார்த்திருக்கிறாள். அது போவதாக இல்லை. விடுவிடுவென்று இறங்கி, புடைவை கட்டிக்கொண்டு, அது போன திசையிலேயே நடந்து அடுத்த தெருவைப் பிடித்துவிட்டாள். அங்கே வாழைமரம் கட்டி, ஷாமியானா போட்டு, ஒரு கிரகப்பிரவேசம். வாசலில் ஒரு பையன் கையில் ரிமோட்டோடு நிற்கிறான். இருபத்தி மூன்று வயது இருந்தால் அதிகம்.

“தம்பி, இது உன்னுதா?”

“ஆமாம்மா. ஃபங்ஷன் எடுக்க வந்திருக்கோம்.”

“ஃபங்ஷன் இங்கே நடக்குது. எங்க வீட்டு மாடியில உனக்கு என்ன வேலை?”

“இல்லைம்மா, டாப் வியூவுக்கு ஒரு ரவுண்டு விட்டேன். இந்த வீட்டைத்தான் எடுத்தேன்.”

“அதுல நான் இருக்கேனா, இல்லையா? அதைச் சொல்லு.”

பையனுக்குத் தெரியவில்லை. ஓட்டிப் பார்த்தார்கள். இருந்தாள். நாலு விநாடி. கரண்டியும் கையுமாக. நல்ல பையன்தான். மன்னிப்புக் கேட்டு, கண்ணெதிரிலேயே அழித்துவிட்டான். சண்டைக்குப் போன சித்தி கேசரி சாப்பிட்டுவிட்டுத்தான் வீடு திரும்பினாள்.

அதோடு முடிந்திருந்தால் இதை எழுதவே வேண்டாம். அன்றிலிருந்து சித்தி மாடிக்குப் போவதென்றால் புடைவை கட்டிக்கொண்டுதான் போகிறாள். அந்த வெயிலில். ஏறியதும் முதல் வேலையாக நாலு பக்கமும் பார்க்கிறாள். அப்புறம் ஆகாயத்தைப் பார்க்கிறாள். போனில் என்னைக் கேட்டாள்: “நீ பத்திரிகைக்காரன்தானே? அவன் நல்ல பையன், அழிச்சிட்டான். அழிக்க மாட்டேன்னு சொல்லியிருந்தா நான் என்ன பண்ணியிருக்க முடியும்? இதுக்கெல்லாம் சட்டம் இருக்கா, இல்லையா?”

நான் படித்தது பி.காம். மெர்கன்டைல் லாவுக்கு மேல் சட்டம் தெரியாது. ஆனால் சித்தி கேட்டால் தேடித்தானே ஆக வேண்டும்?

தேட ஆரம்பித்ததுமே ஒரு நல்ல சேதி கிடைத்தது. இந்திய அரசின் டிரோன் விதிகள், 2021 என்று ஒன்று இருக்கிறது. அதன்படி தேசத்தின் ஆகாயம் முழுவதையும் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று மூன்று வண்ணத்தில் வரைபடம் போட்டிருக்கிறார்கள். சிவப்பு என்றால் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் பறக்கவே கூடாது. மஞ்சள் என்றால் விமானக் கட்டுப்பாட்டு அலுவலகத்தைக் கேட்க வேண்டும். பச்சை என்றால் யாரையும் கேட்க வேண்டாம்.

இதில் விமான நிலையங்களுக்குத் தனிக் கணக்கு. விமான நிலைய எல்லையிலிருந்து 5 கிலோமீட்டர் வரை சிவப்பு. 5 முதல் 8 வரை மஞ்சள். 8 முதல் 12 வரை, 200 அடிக்குக் கீழே பச்சை, அதற்கு மேலே மஞ்சள். 12-ஐத் தாண்டிவிட்டால் 400 அடி வரைக்கும் பச்சை.

இப்போது திருச்சியின் படத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். புதுக்கோட்டை ரோட்டில் இருக்கிறது விமான நிலையம். மன்னார்புரத்திலிருந்து நேர்க்கோட்டில் அளந்தால் 5 கிலோமீட்டர்கூட இல்லை. ஆக, சித்தி வீட்டு ஆகாயம் சிவப்பு. அனுமதி வாங்காமல் அந்தப் பையன் டிரோனைக் கிளப்பியதே தப்பு. ஒரு லட்சம் ரூபாய் வரைக்கும் அபராதம் போட விதியில் இடம் இருக்கிறது.

சித்தி ஜெயித்துவிட்டாள் என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்.

அப்படியே வடக்கே வாருங்கள். மலைக்கோட்டை, அதே தூரக் கணக்கில் மஞ்சளுக்குள் வருகிறது. இன்னும் வடக்கே, காவிரியைத் தாண்டி ஸ்ரீரங்கம். அது 8-க்கும் 12-க்கும் நடுவே விழுகிறது. அதாவது 200 அடி வரைக்கும் யாரையும் கேட்க வேண்டாம். 1987-ல் கட்டி முடித்த ராஜகோபுரத்தின் உயரம் 236 அடி. கோபுரத்தின் கலசத்தைத்தான் பார்க்க முடியாதே தவிர, அதன் காலடியில் இருக்கிற அத்தனை வீட்டு மாடிகளையும் தாராளமாகப் பார்க்கலாம். முக்கியப் பிரமுகர் யாராவது வரும்போது போலீஸ் தடை போடும், பந்தோபஸ்துக்காக வேறு கட்டுப்பாடுகளும் வரலாம். அது வேறு விஷயம். தூரக் கணக்கு மட்டும் சொல்வது இதைத்தான்.

விஷயம் புரிகிறதல்லவா? மன்னார்புரத்தில் சித்தியைக் காப்பாற்றுகிற விதி சித்திக்காகப் போட்டதே இல்லை. துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் இறங்குகிற விமானத்துக்காகப் போட்டது. அதன் நிழல் தற்செயலாக சித்தியின் மேல் விழுகிறது, அவ்வளவுதான். அதே சித்தி ஸ்ரீரங்கத்தில் குடியிருந்தால் அந்த நிழலும் கிடையாது.

சரி, அப்படியானால் விமானத்துக்காக இல்லாமல், ஒரு வீட்டுக்காக, ஒரு மனுஷிக்காக என்ன சட்டம் இருக்கிறது? அடுத்தவன் வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பது எந்தக் காலத்திலிருந்து குற்றம்?

இதற்கு பதில் தேடினால் டிரோனையெல்லாம் மறந்துவிட்டு, ஜன்னலுக்குப் போக வேண்டியிருக்கிறது.

ஸ்ரீரங்கத்து உத்தர வீதியிலோ சித்திரை வீதியிலோ மிச்சமிருக்கிற ஒரு பழைய வீட்டுக்குள் போய்ப் பாருங்கள். இரண்டு பக்கமும் அடுத்த வீட்டோடு ஒட்டிய சுவர். பக்கவாட்டில் ஜன்னல் என்ற பேச்சே கிடையாது. வாசலில் திண்ணை, அது ஊருக்கு. உள்ளே போனால் நடுவே முற்றம். வெளிச்சம், காற்று, மழை எல்லாம் அந்த வழியாகத்தான். பெண்கள் தலை உலர்த்தியது, குழந்தைகளைக் குளிப்பாட்டியது, அப்பளம் காய வைத்தது எல்லாம் அங்கேதான். நாலு பக்கத்தையும் அடைத்துவிட்டு ஆகாயத்தை மட்டும் ஏன் திறந்து வைத்தார்கள்? ஒரு காரணம் சுலபம். அங்கேயிருந்து யாரும் பார்க்க மாட்டார்கள்.

நகரம் வளர்ந்தது. பக்கத்து வீட்டுக்காரர் மாடி கட்டினார். மாடியில் ஜன்னல் வைத்தார். ஜன்னலைத் திறந்தால் இந்த வீட்டு முற்றம். கோர்ட்டுக்குப் போனார்கள்.

வெள்ளைக்காரன் காலத்துக் கோர்ட். அவர்களுக்கு இங்கிலாந்துச் சட்டம்தான் வேதம். அங்கே 1811-ம் வருடமே ஒரு நீதிபதி சொல்லியாகிவிட்டது. அடுத்த வீட்டுக்காரன் ஜன்னல் திறந்து உன் அந்தரங்கத்தைக் கெடுக்கிறான் என்று கேஸ் போட முடியாது. உன் நிலத்தில், அந்த ஜன்னலுக்கு எதிரே ஒரு சுவர் எழுப்பிக்கொள். அதுதான் பரிகாரம்.

1866-ல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு அதே மாதிரி ஒரு வழக்கு வந்தது. குருநாதப் பிள்ளை என்பவர் ஒரு தரப்பு. கோர்ட் என்ன சொன்னது? ஜன்னல் திறப்பதால் அந்தரங்கம் கெடுகிறது என்றால், அது சட்டம் பரிகாரம் கொடுக்கிற தப்பு இல்லை. முடிந்தது.

ஆனால் 1882-ல் ஒரு வேடிக்கை நடந்தது. அந்த வருடம் இந்திய வசதியுரிமைச் சட்டம் என்று ஒன்று வந்தது. அடுத்தவர் நிலம் வழியாக நடந்து போகும் உரிமை, தண்ணீர் கொண்டுபோகும் உரிமை, இந்த மாதிரி சமாசாரங்களுக்கான சட்டம். அதன் 18-வது பிரிவு ஊர் வழக்கத்தால் வருகிற உரிமைகளைப் பற்றிப் பேசுகிறது. கீழே ஒரு உதாரணமும் கொடுத்திருக்கிறார்கள். ஒரு ஊரில் ஒரு வழக்கம் இருக்கிறது, அடுத்த வீட்டுக்காரரின் அந்தரங்கத்தைக் கெடுக்கும்படி யாரும் புது ஜன்னல் திறக்கக் கூடாது என்று. அந்த ஊரில் நீங்கள் வீடு கட்டினால், சாதாரணமாகப் பிறர் கண்ணில் படாத உங்கள் வீட்டுப் பகுதிகளைப் பார்க்கிற மாதிரி பக்கத்து வீட்டுக்காரர் புது ஜன்னல் திறக்க முடியாது. நீங்களும் அவருக்கு அப்படிச் செய்ய முடியாது.

சட்டப் புத்தகத்திலேயே இருக்கிறது. இன்றைக்கும் இருக்கிறது.

இந்தச் சட்டம் முதலில் அமலுக்கு வந்த இடங்களில் ஒன்று எது தெரியுமா? சென்னை மாகாணம். திருச்சியும் அதற்குள்தான். அலகாபாத் பக்கம் இது 1891-ல்தான் போய்ச் சேர்ந்தது. ஆனால் அதற்கு மூன்று வருடம் முன்னாலேயே, 1888-ல், கோகல் பிரசாத் என்பவர் அலகாபாத் உயர் நீதிமன்றத்துக்குப் போனார். பக்கத்தில் புதிதாகக் கட்டிய வீட்டின் வராந்தாவும் கதவுகளும் எங்கள் வீட்டுப் பெண்கள் புழங்கும் இடத்தைப் பார்க்கிற மாதிரி இருக்கின்றன என்றார். தலைமை நீதிபதி ஜான் எட்ஜ் அவர் பக்கம் நின்றார். இந்தப் பக்கத்தில் பர்தா வழக்கம் இருக்கிறது. இங்கிலாந்தில் இல்லாத உரிமை என்பதற்காக இங்கே இல்லாமல் போய்விடாது. ஊர் வழக்கமே உரிமையைக் கொடுக்கும்.

சென்னையில்? 1894-ல் மறுபடி ஒரு ஜன்னல் வழக்கு. மறுபடி அதே பதில். ஜன்னல் திறப்பது வழக்குப் போடும்படியான தப்பு இல்லை.

ஆக, சட்டம் கையில் இருந்த ஊரில் உரிமை கிடைக்கவில்லை. சட்டம் வராத ஊரில் கிடைத்தது. சட்டப் புத்தகத்தில் எழுதியிருந்தால் மட்டும் போதாது, நாலு பேர் அதைக் கேட்டுப் பிடிவாதம் பிடிக்கவும் வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். சென்னைக் கோர்ட்டில் தோற்றவர்களுக்கு ஒரு வழி பாக்கி இருந்தது. சுவர் எழுப்பலாம். கீற்றுத் தட்டி கட்டலாம். நாலு வாழை நட்டால்கூட மறைத்துவிடும். ஜன்னல் ஒரு இடத்தில் நிற்கிறது. நிற்கிற பொருளை மறைக்க முடியும்.

அதே 1888-ல்தான் அமெரிக்காவில் கோடாக் கேமரா விற்பனைக்கு வந்தது. அதுவரை கேமரா என்றால் ஸ்டூடியோவில், கறுப்புத் துணிக்குள்ளே தலையை விட்டுக்கொண்டு செய்கிற காரியம். இப்போது கையில் எடுத்துக்கொண்டு தெருவில் நடக்கலாம். இரண்டே வருடத்தில், 1890-ல், வாரன், பிராண்டிஸ் என்று இரண்டு பாஸ்டன் வக்கீல்கள் கவலைப்பட்டு ஒரு கட்டுரை எழுதினார்கள். மனிதனுக்குத் தனியாக விடப்படும் உரிமை வேண்டும் என்றார்கள். பிரைவசி என்று இன்றைக்கு உலகம் பேசுவதற்கெல்லாம் பிள்ளையார் சுழி அதுதான். ஜன்னலுக்குக் கால் முளைத்ததும் சட்டத்துக்குக் கவலை வந்துவிட்டது.

அப்புறம் ஜன்னலுக்குச் சிறகும் முளைத்தது. விமானம்.

பழைய காலத்தில் ஒரு சித்தாந்தம் இருந்தது. நிலம் யாருடையதோ, மேலே சொர்க்கம் வரைக்கும் கீழே நரகம் வரைக்கும் அவருடையதே. விமானம் வந்ததும் இது கட்டுப்படியாகவில்லை. ஒவ்வொரு வயல்காரரிடமும் அனுமதி வாங்கிக்கொண்டா சென்னையிலிருந்து மதுரைக்குப் பறக்க முடியும்? இந்தியாவின் 1934-ம் வருட விமானச் சட்டம் 17-வது பிரிவில் இதைத் தீர்த்து வைத்தது. நியாயமான உயரத்தில் ஒரு விமானம் உங்கள் வீட்டு மேலே பறந்தது என்பதற்காக மட்டும் அத்துமீறல் என்று வழக்குப் போட முடியாது. தொண்ணூறு வருடம் ஆண்ட அந்தச் சட்டத்தின் இடத்துக்கு 2025 ஜனவரி 1 முதல் பாரதீய வாயுயான் அதிநியம் வந்துவிட்டது.

நியாயமான உயரம் என்றால் எத்தனை அடி? அமெரிக்காவில் ஒரு கோழிப்பண்ணைக்காரர் இதைக் கேட்டார். ராணுவ விமானங்கள் அவர் நிலத்துக்கு மேலே 83 அடியில் பறந்தன. சத்தத்தில் மிரண்டு சுவரில் மோதியே 150 கோழிகள் செத்தன. காஸ்பி வழக்கு என்று பெயர். 1946-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது: சொர்க்கம் வரைக்கும் உனது என்ற பேச்சுக்கு இனி இடமில்லை. ஆனால் வீட்டையும் நிலத்தையும் அனுபவிக்கத் தேவையான தாழ்வான ஆகாயம் உன்னுடையதுதான்.

இங்கிலாந்தில் இன்னொரு வழக்கு நமக்கு இன்னும் பக்கத்தில் வருகிறது. பெர்ன்ஸ்டைன் பிரபு என்று ஒரு பெரிய மனிதர். கிரனாடா டெலிவிஷனை ஆரம்பித்தவர். ஒரு கம்பெனி விமானத்தில் பறந்து அவருடைய பண்ணை வீட்டைப் போட்டோ எடுத்து, அவரிடமே விற்க வந்தது. கோபம் வந்துவிட்டது. 1977-ல் தீர்ப்பு. பிரபு தோற்றார். அந்த உயரத்தில் பறந்தது அத்துமீறல் இல்லை என்றார் நீதிபதி. ஆனால் போகிற போக்கில் ஒரு வார்த்தையும் சொன்னார். ஒருவரின் வீட்டை ஆகாயத்திலிருந்து விடாமல் கண்காணித்து, அவர் செய்கிற ஒவ்வொன்றையும் படம் பிடித்தால், அது தொல்லை என்று கோர்ட் தலையிட முடியும்.

டிரோன் பிறப்பதற்கு முன்னாலேயே டிரோனுக்காகச் சொன்ன மாதிரி இல்லை?

இந்தியாவுக்கு வருவோம். 2014 மே மாதம். மும்பையில் ஒரு பீட்சா கடை, லோயர் பரேலிலிருந்து வொர்லியில் ஒரு மாடி வீட்டுக்கு டிரோனில் பீட்சா அனுப்பியது. ஊரே கைதட்டியது. போலீஸ் விளக்கம் கேட்டது. அதே வருடம் அக்டோபர் 7-ம் தேதி, விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. விதிமுறை வரும்வரை தனியார் யாரும் டிரோன் பறக்கவிடக் கூடாது.

நாலு வருடம் தடை. தடை என்றால் காகிதத்தில். நம் ஊர்க் கல்யாண ஆல்பங்களில் டாப் ஆங்கிள் ஷாட் வந்ததெல்லாம் இந்தத் தடைக் காலத்தில்தான்.

2018 ஆகஸ்டில் விதிமுறை வந்தது. டிசம்பர் 1 முதல் அமல். 250 கிராம் வரைக்கும் நானோ, 2 கிலோ வரைக்கும் மைக்ரோ என்று எடை வாரியாகப் பிரித்தார்கள். அந்த நீண்ட ஆவணத்தில் ஒரு வாக்கியம் இருந்தது. யாருடைய அந்தரங்கமும் பாதிக்கப்படாமல் பார்த்துக்கொள்வது டிரோனை இயக்குகிறவரின் பொறுப்பு. ஒரே ஒரு வாக்கியம். ஆனால் இருந்தது.

2021 மார்ச்சில் அதை மாற்றிப் புது விதிகள். அதிலும் இருந்தது. ஒரு தனிமனிதரின், அவர் சொத்தின் அந்தரங்கத்தை உறுதி செய்த பிறகே படம் பிடிக்கலாம் என்று.

அந்த விதிகள் மிகவும் கெடுபிடி என்று டிரோன் தொழில்காரர்கள் புலம்பினார்கள். நியாயமான புலம்பல்தான். 25 படிவம், 72 வகைக் கட்டணம். யாரால் முடியும்? ஐந்தே மாதத்தில், 2021 ஆகஸ்டில், மறுபடி புது விதிகள். படிவம் 5 ஆனது. கட்டணம் 4 வகையானது. விமான நிலையத்தைச் சுற்றி 45 கிலோமீட்டர் என்றிருந்த மஞ்சள் வட்டம் 12 ஆகச் சுருங்கியது. எல்லோரும் பாராட்டினார்கள். வீட்டைக் காலி செய்யும்போது பழைய சாமானோடு சேர்ந்து ஒரு நல்ல சாமானும் குப்பைக்குப் போகும் இல்லையா? அந்த மாதிரி, அந்தரங்கம் பற்றிய அந்த வாக்கியமும் காணாமல் போனது.

நானோ டிரோனுக்கு பைலட் சான்றிதழ் வேண்டாம். இரண்டு கிலோ வரைக்கும், வியாபாரத்துக்கு இல்லையென்றால், அதற்கும் வேண்டாம். கடையில் 249 கிராம் எடையில் டிரோன் விற்பது தற்செயல் என்றா நினைக்கிறீர்கள்? 250-க்கு ஒரு கிராம் கம்மி. கேமரா மட்டும் துல்லியமாகப் படம் பிடிக்கும். சட்டம் தராசை வைத்து எடை பார்த்தது. கண் இருக்கிறதா என்று பார்க்கவில்லை.

ஐரோப்பாவில் பார்த்தார்கள். அங்கே 2020 டிசம்பர் 31 முதல் அமலான விதிப்படி, டிரோன் 250 கிராமுக்குக் கீழே இருந்தாலும், விளையாட்டுப் பொம்மையாக இல்லாமல் அதில் கேமரா இருந்தால், வைத்திருப்பவர் தன்னைப் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

டிரோன் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. வயலுக்கு மருந்து தெளிக்கிறது. வெள்ளத்தில் ஆள் தேடுகிறது. 2020-ல் தொடங்கிய ஸ்வாமித்வா திட்டத்தில் டிரோன் வைத்துத்தான் கிராமத்து வீடுகளை அளந்து சொத்து அட்டை கொடுக்கிறார்கள். நம் கிரகப்பிரவேசப் பையன் கடன் வாங்கி டிரோன் வாங்கியிருப்பான். அது அவன் சோறு. அவனுக்கும் எது சரி, எது தப்பு என்று யாராவது தெளிவாகச் சொல்ல வேண்டாமா?

இன்னொன்றையும் ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். 2020 ஏப்ரல். ஊரடங்கு. திருப்பூர் போலீஸ் ஒரு வீடியோ வெளியிட்டது. தோப்பில் கேரம் விளையாடிக்கொண்டிருந்த பையன்கள், மேலே டிரோனைப் பார்த்துத் தெறித்து ஓடுகிறார்கள். ஒருவன் கேரம் போர்டையே தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு மறைகிறான். தமிழ்நாடே விழுந்து விழுந்து சிரித்தது. நானும்தான். நோய்க்காலம், அவசரம், எல்லாம் சரி. ஆனால் முகத்தை மறைக்க ஒரு மரப்பலகைதான் கிடைத்தது என்பது இப்போது யோசித்தால் அத்தனை சிரிப்பாக இல்லை. சென்னை கோர்ட்டில் தோற்றவர் எழுப்பிய சுவரும் அந்தக் கேரம் போர்டும் ஒன்றுதான். ஒன்று நின்றது, மற்றதைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருந்தது.

வேறு சட்டமே இல்லையா என்றால், இருக்கிறது. 2013-ல் இந்திய தண்டனைச் சட்டத்தில் 354-சி என்று சேர்த்தார்கள். பெண்ணை அந்தரங்க நிலையில் ஒளிந்து பார்ப்பது, படம் எடுப்பது குற்றம். 2024 ஜூலை முதல் அது பாரதீய நியாய சன்ஹிதாவின் 77-வது பிரிவு. முதல் தடவைக்கு ஒன்று முதல் மூன்று வருடம் ஜெயில். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-இ பிரிவும் உண்டு. ஆனால் இரண்டுமே உடல் வெளிப்படும் நிலை, கழிவறை, இந்த மாதிரி சந்தர்ப்பங்களைத்தான் பேசுகின்றன. குளியலறையை எட்டிப் பார்த்தவனை இவை பிடிக்கும். நைட்டியில் வத்தல் ஊற்றுகிறவளைப் படம் பிடித்தால் பிடிக்காது.

2023-ன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம்? தனிப்பட்ட, வீட்டு உபயோகத்துக்காக ஒருவர் வைத்திருக்கும் தகவலுக்கு அது பொருந்தாது. பக்கத்து வீட்டுக்காரர் பொழுதுபோகாமல் பறக்கவிட்டால் அவர் அந்த ஓட்டையில் நுழைந்துவிடுவார்.

பிறகு, அரசியல் சாசனம். 1994-ல் ஆட்டோ சங்கரின் சுயசரிதை விவகாரத்தில் நக்கீரன் போட்ட வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் தனியாக விடப்படும் உரிமையைப் பற்றிப் பேசியது. 2017 ஆகஸ்ட் 24-ம் தேதி ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். 2023 ஜனவரியில் இன்னொரு பெரிய அமர்வு, இந்த மாதிரி உரிமைகளை அரசுக்கு எதிராக மட்டுமல்ல, தனியாருக்கு எதிராகவும் கேட்கலாம் என்றது. எல்லாம் பெரிய தீர்ப்புகள். ஆனால் நாலு விநாடி வீடியோவுக்காக மன்னார்புரத்திலிருந்து டெல்லிக்கா போவாள் சித்தி?

சுவர் கட்டிக்கொள் என்று முதலில் சொன்ன இங்கிலாந்தே இப்போது வேறு மாதிரி பேசுகிறது. லண்டனில் டேட் மாடர்ன் என்று ஓர் அருங்காட்சியகம். அதன் பத்தாவது மாடியில் ஊரைப் பார்க்க ஒரு தளம். எதிரே கண்ணாடிச் சுவர் வைத்த அடுக்குமாடி வீடுகள். வருகிற ஜனங்கள் ஊரைப் பார்க்காமல் எதிர்வீட்டு ஹாலைப் பார்த்தார்கள். படமும் எடுத்தார்கள். திரை போட்டுக்கொள்ளுங்களேன் என்றது கீழ்க் கோர்ட். 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் அதை மாற்றியது. தாங்க முடியாத அளவுக்கு விடாமல் பார்ப்பதும் தொல்லைதான். மறைத்துக்கொள்ள வேண்டியது பார்க்கப்படுகிறவரின் வேலை இல்லை.

இந்தக் கடைசி வரியைத்தான் நான் சித்திக்குச் சொல்ல ஆசைப்பட்டேன்.

கேட்பது ரொம்பப் பெரிதில்லை. காணாமல் போன அந்த ஒரு வாக்கியத்தைத் திருப்பி வையுங்கள். எடையைப் பார்க்கிறவர்கள் கேமராவையும் பார்க்கட்டும். குடியிருப்புப் பகுதியில் டிரோன் எடுப்பவர் முந்தின நாளே தெருவுக்குச் சொல்ல வேண்டும், கேட்டால் காட்ட வேண்டும், வேண்டாமென்றால் அழிக்க வேண்டும் என்று மூன்று வரி சேருங்கள். புகாரை எந்த ஸ்டேஷனில், யாரிடம் கொடுப்பது என்று நாலாவது வரி. 2025 செப்டம்பரில் டிரோன்களுக்கென்றே தனிச் சட்ட வரைவு ஒன்றை மத்திய அரசு மக்கள் கருத்துக்காக வெளியிட்டது. கருத்துச் சொல்ல நம்மில் எத்தனை பேர் போனோம்? ஜன்னல் வழக்கில் அலகாபாத்காரர் கேட்டார், கிடைத்தது.

சித்திக்குப் போன் போட்டு இதையெல்லாம் சொன்னேன். ஜன்னல், கோழி, பிரபு, எல்லாம். பொறுமையாகக் கேட்டாள்.

“ஆக, ஏர்போர்ட் பக்கத்துல இருக்கறதால நான் தப்பிச்சேன்னு சொல்றே?”

“அப்படித்தான் சித்தி.”

“சரி. ப்ளேன் போறதுக்கு மரியாதை இருக்கு. மனுஷி உட்கார்றதுக்கு இல்லை.”

இந்த வருஷம் பங்குனியில் திருச்சி போயிருந்தபோது மாடிக்கு ஏறிப் பார்த்தேன். நாலு மூங்கில் நட்டு, மேலே பச்சை நிறத்தில் நிழல் வலை கட்டியிருந்தாள். நர்சரிக்காரர்கள் கட்டுவார்களே, அது. வத்தல் காய்வதற்கு ஒரு நாளுக்கு இரண்டு நாள் ஆகிறதாம். வலைக்குக் கீழே, நைட்டியில், தலையில் துண்டோடு உட்கார்ந்து ஊற்றிக்கொண்டிருந்தாள்.